பிளஸ்ஸன் வறுத்த கஞ்சி மாவு

பிளஸ்ஸனைச் சுத்தக்காரன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவன் பைக் சீட்டுக்கு அடியில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பொடி என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவான். மிளகாய்ப் பொடியோ கோலப் பொடியோ, அதை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் காட்டி, "கொஞ்சம் ஈரம் இருக்கு" என்று சொல்லாமல் கீழே வைக்க மாட்டான். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி போடும்போதும் காப்பித்தூளைப் பற்றி இதே தீர்ப்பு வரும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாம் தொழில் படுத்தும் பாடு. கல்லூரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. மருந்துப் பொடிகளைக் கலந்து, பிசைந்து, உலர்த்தி, சலித்து, அச்சுக்கு அனுப்பும் பிரிவு. அங்கே ஈரம்தான் முதல் எதிரி. பொடியில் ஈரம் மிஞ்சினால் மாத்திரை அச்சில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மேலதிகாரிகள் பிளஸ்ஸனோடு ஒட்டிக்கொள்வார்கள். முகமூடி, தலையுறை, கையுறை இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கலக்கிற பொருளில் ஒரு துளியைக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தச் சட்டங்களை எல்லாம் பத்துக் கட்டளைகளுக்குப் பக்கத்திலேயே வைத்து மதிப்பவன் பிளஸ்ஸன்.

அவன் தாத்தா திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு சிகந்தராபாத் வந்தவர். வந்தவர் வந்தவர்தான், திரும்பவில்லை. அதனால் பிளஸ்ஸனுக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் உருது, பஸ்ஸில் தெலுங்கு, கம்பெனியில் இங்கிலீஷ். அவசரத்தில் நான்கும் ஒரே வாயில் வந்துவிழும். மனைவி அபிகாயில் அசல் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமான புதிதில் வேண்டாம் என்பதற்கு இவன் "நக்கோ, நக்கோ" என்று சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள், இப்போது காய்கறிக்காரரிடம் அதையே சொல்லி விலை பேசுகிறாள்.

அபிகாயில் சைனிக்புரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கு என்றால் ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுப்பாள். அந்த வேலை அவளுக்கு உயிர். பாப்பா பெர்லின் பிறந்ததும் லீவில் வந்தாள். லீவு முடிந்து கோடை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்தால் இடம் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பிரின்சிபால் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. பிளஸ்ஸனின் அம்மா காலமாகிவிட்டார். அபிகாயிலின் அம்மா பாளையங்கோட்டையில் இன்னொரு மகளின் பிரசவத்தோடு மாட்டிக்கொண்டிருந்தார். கைகொடுக்க முன்வந்தவர் மாடி வீட்டு சாவித்ரி ஆன்ட்டி. வேலூர்ப் பக்கத்தவர். கணவர் ராமசுவாமி ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனதும் இருவரும் சைனிக்புரியிலேயே தங்கிவிட்டார்கள். பாப்பா என்றால் ஆன்ட்டிக்குக் கொள்ளை ஆசை, தெலுங்கில் பங்காரு, தங்கம் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பேச்சில் கறார்.

"பங்காருவ நான் பாத்துக்கறேன்மா. குளிப்பாட்டுவேன், தூங்க வெப்பேன், நாளெல்லாம் பேசிக்கிட்டே இருப்பேன். ஆனா சாப்பிடற புள்ளையா குடு. அது பசியில அழுது நான் கையப் பெசஞ்சிக்கிட்டு நிக்கிறதெல்லாம் எனக்கு ஆவாது."

நியாயமான பேச்சுதான். சிக்கல் என்னவென்றால் பாப்பா ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வார்கள். பெர்லின் பாப்பா பாலென்றால் திறந்தாள், ஸ்பூனென்றால் மூடினாள். புட்டியும் ஆகாது. டாக்டரிடம் கேட்டதற்கு, ஆறு மாதம் தாண்டிவிட்டது, வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றார்.

அபிகாயில் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். "அத்தான், ஸ்கூல் தொறக்கதுக்குள்ள பாப்பா சாப்பிடணும். இல்லைனா நான் வேலைய விட்டுருதேன். வேற வழி இல்ல."

"கைக்கு டென்ஷன் எடுக்க, எதுக்கு?" என்று உருதுவும் தமிழுமாகக் கேட்டான் பிளஸ்ஸன். "அது பொடி மேட்டர். என் டிபார்ட்மென்ட். நீ பால மட்டும் பாத்துக்க, சாப்பாட்ட என்கிட்ட விட்டுரு."

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

மறுநாள் மோண்டா மார்க்கெட்டுக்குப் போய்க் கேழ்வரகு, புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை என்று வாங்கிவந்தான். கேழ்வரகை முளைகட்டினான். எல்லாவற்றையும் கழுவி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டான். மே மாதத்து ஹைதராபாத் வெயில், அரை நாளிலேயே எல்லாம் கலகலவென்று ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதற்கப்புறம் வாசனை வருகிற வரைக்கும் லேசாக வறுத்து அரைத்திருப்பார்கள். பிளஸ்ஸன் வறுத்தான். ஆறவைத்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான். "கொஞ்சம் ஈரம் இருக்கு" என்று மறுபடி வறுத்தான். பாசிப்பருப்பு பழுப்பாகி, கேழ்வரகு கறுப்புக்குப் பக்கத்தில் போனபிறகுதான் அவன் மனம் சமாதானமானது.

அந்த நேரத்தில் அடுக்களைக்குள் யாரும் வரக் கூடாது. மேடையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பான். முகமூடியும் தலையுறையும் கையுறையும் போட்டுக்கொண்டு மிக்சி முன்னால் நிற்பான். அரைத்ததை மல்துணியில் சலித்து, சலித்ததைத் திரும்பச் சலித்து, கன்னத்தில் பூசுகிற பவுடராட்டம் ஆக்கிவிட்டான். பிறகு டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே பேட்ச் நம்பரும் தேதியும் எழுதினான். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒரு கை மாவை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அலமாரியில் தனியாக வைத்தான். தொழிற்சாலையில் அதற்கு கன்ட்ரோல் சாம்பிள் என்று பெயர். விற்ற மருந்தைப் பற்றி நாளைக்கு யாராவது புகார் சொன்னால், எடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கம்பெனி வைத்துக்கொள்ளும் மாதிரி.

"யாரு அத்தான் புகார் சொல்லப் போறா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள் அபிகாயில்.

"சொல்ல மாட்டாங்க. ஆனா ரூல் ரூல்தான்."

ஊட்டுவதற்கும் ரூல் போட்டான். அம்மா பக்கத்தில் இருந்தால் பாப்பா பால்தான் கேட்பாள் என்று ஊரே சொல்லும், அது சரிதான். எனவே கஞ்சி நேரத்தில் அபிகாயில் மாடிக்குப் போய்விட வேண்டும். பாப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, திரும்பவும் முகமூடி, தலையுறை, கையுறை. பாப்பா முன்னால் கண் இரண்டும் மட்டும் தெரிகிற ஒரு ஆள் ஸ்பூனை நீட்டிக்கொண்டு, துணிக்குள்ளிருந்து "ஆ காட்டு, ஆ" என்றால் அவள் என்ன செய்வாள்? வெறித்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். விடாமல் நீட்டினால் அழுதாள். அழுகிற வாயில் ஒரு துளி போய்விட்டால், அதையும் நாக்கால் தள்ளி மோவாயில் வழியவிட்டாள்.

சின்ன வாய் அது. அது இறுகிக்கொள்ளும்போதெல்லாம் பிளஸ்ஸனுக்குப் பார்க்கப் பொறுக்காது. ஆனால் தொழில் தெரிந்தவன் தோற்பதை ஒத்துக்கொள்வானா? மாவு இன்னும் நைசாக இல்லை என்று முடிவுகட்டினான். அடுத்த பேட்ச்சை இன்னும் வறுத்தான், இன்னும் சலித்தான். பாப்பா இன்னும் இறுக்கமாக வாயை மூடினாள். அப்பனும் மகளும் இப்படிப் போட்டி போட்டதில் மே மாதம் கழிந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். அன்று ஊட்ட வேண்டியது சாவித்ரி ஆன்ட்டி. வந்தவரிடம் பிளஸ்ஸன் ஒரு முகமூடியையும் தலையுறையையும் நீட்டினான்.

"இது என்னா தம்பி, ஆப்பரேஷனா?"

"ஹைஜீன் ஆன்ட்டி. இதுவர அப்படித்தான் பழக்கியிருக்கேன்."

ஆன்ட்டி முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். வழக்கமாக அவரைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவுகிற பாப்பா, அன்று பார்த்த பார்வையே சரியில்லை. முதல் ஸ்பூனுக்குத் தலையைத் திருப்பினாள். இரண்டாவது ஸ்பூனைத் தட்டிவிட்டாள். அப்புறம் அவள் அழுத அழுகையில் மாடியிலிருந்து அபிகாயில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தாள். அம்மாவிடம் போனதும்தான் அழுகை நின்றது.

ஆன்ட்டி முகமூடியைக் கழற்றினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "கோவிச்சுக்காதம்மா. பட்டினி போட்டு என்னால புள்ளய வெச்சுக்க முடியாது. எனக்கு மனசு கேக்காது."

"உங்கமேல என்ன ஆன்ட்டி இருக்கு," என்றாள் அபிகாயில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆன்ட்டி போனபிறகு பிளஸ்ஸனைப் பார்க்காமலே சொன்னாள். "திங்கக்கிழம காலைல பிரின்சிபாலுக்கு போன் பண்ணிச் சொல்லிருதேன் அத்தான். விடுங்க. பாப்பா வளந்தப்புறம் பாத்துக்கிடலாம்."

அவள் சண்டை போட்டிருந்தால் பிளஸ்ஸன் தாங்கியிருப்பான். இப்படி விடுங்க என்று சொன்னதுதான் அவனைச் சாய்த்துவிட்டது. பாப்பா தூங்கினாள். அபிகாயில் மாடிக் கொடியில் துணி எடுக்கப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். தனியாகத் துணி மடிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது அவன் செய்ததை வேறு எந்த அப்பனும் செய்திருக்க மாட்டான். புகார் வந்துவிட்டது, எனவே விசாரணை தொடங்க வேண்டும் என்று நினைத்தான். அலமாரியைத் திறந்து கன்ட்ரோல் சாம்பிள் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தான். முதல் பேட்ச்சைத் திறந்து விரலால் தேய்த்தான். ஈரம் இல்லை. கட்டி இல்லை. புழு பூச்சி இல்லை. வெளிச்சத்தில் காட்டினான், ஒரே நிறம். அடுத்த குப்பி, அதற்கடுத்த குப்பி, எல்லாம் அப்படித்தான். அவன் அளவுகோலில் ஒரு குறையும் இல்லை. அச்சில் போட்டால் அருமையான மாத்திரை வரும்.

அதற்குள் பாப்பா எழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மாவைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாகக் கிண்டினான். இன்னும் செய்யாத சோதனை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தான். ஒன்று இருந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறையும் செய்யாதது. நினைத்தபோதே கை கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று வாசற்பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் கஞ்சியை எடுத்துத் தன் வாயில் போட்டான்.

கசப்பு. சும்மா கசப்பு இல்லை, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டி நாக்கில் தடவிய கசப்பு. விழுங்கவும் முடியவில்லை, மகளுக்கு முன்னால் துப்பவும் முடியவில்லை. கண் சுருங்கி, மூக்கு சுளித்து, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

பாப்பா சிரித்தாள்.

சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவள் சிரித்தது அதுவே முதல் தடவை. பிளஸ்ஸன் திகைத்துப்போனான். ஒரு வழியாக விழுங்கிவிட்டு, வேண்டுமென்றே அதே கோணலை மறுபடி காட்டினான். அவள் தட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவன் வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" என்றான். அவளும் திறந்தாள். கீழ் ஈறில் முளைத்திருந்த அரிசிப் பல் இரண்டும் தெரிந்தன.

அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை பார்த்தது வாயே இல்லாத ஒரு முகத்தை. எப்படித் திறக்க வேண்டும், எப்படி மெல்ல வேண்டும் என்று யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? கொடுத்ததோ, பெற்ற அப்பனே வாயில் வைக்க முடியாத சாமான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. "ஸாரிம்மா, ஸாரிடா பாப்பா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

திறந்த வாயைச் சும்மா விடக் கூடாது. ஆனால் அந்தக் கசப்பைக் கொடுக்க அவனுக்கு இனி மனம் வராது. ஓடிப்போய்க் குக்கரைத் திறந்தான். மத்தியானம் வைத்த சோறு இருந்தது, உப்புப் போடாமல் எடுத்துவைத்த பாசிப்பருப்பு இருந்தது. இரண்டையும் தட்டில் போட்டு ஒரு சொட்டு நெய் விட்டான். முகமூடி இல்லை, கையுறை இல்லை, மல்துணி இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வெறும் விரலால் மசித்தான். அங்கங்கே திப்பி இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். முதல் வாயைத் தான் சாப்பிட்டான். மென்று காட்டினான். "ம்ம்" என்று தலையை ஆட்டினான். அடுத்த வாயை விரல்நுனியில் வைத்து நீட்டினான்.

பாப்பா பார்த்தாள். வாயைத் திறந்தாள். உள்ளே போனதை நாக்கால் புரட்டினாள், கொஞ்சம் வெளியே வந்தது, மீதியை விழுங்கிவிட்டாள். விழுங்கிவிட்டு அவன் கையைப் பார்த்தாள்.

அபிகாயில் மடித்த துணியோடு வாசலில் வந்து நின்றபோது அவள் கண்ட காட்சி இதுதான்: மேஜையெல்லாம் மாவுக் குப்பிகள், தரையெல்லாம் சோற்றுப் பருக்கை, அப்பன் சட்டையில் நெய், மகள் காதில் பருப்பு. இருவரும் மாறி மாறி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்தால் பாப்பா பாலுக்குத் தாவிவிடுவாள் என்று பயந்து, அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பொத்திக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடித்து வந்த கையோடு சாவித்ரி ஆன்ட்டியை அழைத்து மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். முகமூடி கேட்ட ஆன்ட்டியிடம் பிளஸ்ஸன் ஒரு தட்டைக் கொடுத்தான்.

"நீங்களும் சாப்பிடணும் ஆன்ட்டி. அவ முன்னால உக்காந்து சாப்பிட்டாதான் அவ சாப்பிடுவா."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்று ஆன்ட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு சின்னக் கிண்ணம் பருப்புச் சோற்றைக் காலிசெய்தாள். கடைசியில் ஒரு துண்டு மாம்பழத்தையும் ஆன்ட்டி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

மிச்சமிருந்த கஞ்சி மாவை எறிய பிளஸ்ஸனுக்கு மனம் வரவில்லை. ராமசுவாமி அங்கிள் அதை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு கசப்பு இருந்தால் சுகருக்கு ரொம்ப நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லா டப்பாவையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நல்லதா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அங்கிள் அவரிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அபிகாயில் மாம்பழ நிறத்துப் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பாப்பா ஆன்ட்டியின் இடுப்பில் இருந்துகொண்டு கையை ஆட்டினாள். கம்பெனியில் உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று காலை முழுக்க பிளஸ்ஸன் பொடியைத் தேய்த்துப் பார்த்தபோது ஈரம் இருக்கிறதா இல்லையா என்றே புத்தியில் ஏறவில்லை. மத்தியான இடைவேளை வந்ததும் சாப்பிடக்கூடப் போகாமல் லாக்கருக்கு ஓடினான்.

முதலில் ஆன்ட்டியைக் கூப்பிட்டான்.

"சாப்பிட்டா தம்பி. நல்லா சாப்பிட்டுத் தூங்கறா. உன் பொண்ணுக்கு கம்பெனி குடுத்து நான்தான் ரெண்டு சாப்பாடு சாப்பிட்டேன் இன்னிக்கி."

அடுத்து அபிகாயிலைக் கூப்பிட்டான். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிடுவாள், பாப்பாவைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தான். நீண்ட நேரம் அடித்தபிறகுதான் எடுத்தாள்.

"அபி, பாப்பா சாப்பிட்டுட்டா."

"ஆன்ட்டி மெசேஜ் போட்டாவ அத்தான், பாத்துட்டேன்." பின்னால் டீச்சர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நானும் இப்பதான் சாப்பிட்டேன். டப்பா முழுசும். எந்திரிக்காம, ஒரே இடத்துல உக்காந்து. ஷோபா டீச்சரு மீன் கொழம்பு கொண்டுவந்திருந்தாவ, அதையும் வாங்கி ஊத்திக்கிட்டேன். பாப்பா பொறந்ததுலேர்ந்து இப்படி ஒருநாளும் சாப்பிட்டதில்ல அத்தான்."

மே மாதம் முழுக்க பிளஸ்ஸன் ஒரு வாய் உள்ளே போகிறதா இல்லையா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தான். அது பாப்பாவின் வாய். அதே வீட்டில் இன்னொருத்தி நின்றபடியே விழுங்கி, பாதியில் எழுந்து, ஆறிப்போனதைத் தின்று நாளைத் தள்ளியிருக்கிறாள். அதை அவன் ஒருநாளும் பார்க்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

"ஹலோ, இருக்கியளா?" என்றாள் அபிகாயில்.

"இருக்கேன். ராத்திரி நான் சமைக்கேன். நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு. பாப்பாவ நான் வச்சுக்கிடுதேன்."

"சமைங்க. ஆனா வறுக்கிற அயிட்டம் எதுவும் நக்கோ," என்றாள் அவள்.

அன்று ராத்திரி பிளஸ்ஸன் தோசை சுட்டான். ஒவ்வொரு தோசையாகச் சூடாக எடுத்து அவள் தட்டில் போட்டான், ஒரு கையில் பாப்பா இருந்தாள். அபிகாயில் போதும் என்று சொல்கிறவரை போட்டான். அவள் போதும் என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று.